வயல் எலிகளும் நீரும் (கள்ளக்குறிச்சி வட்டாரம்)

கள்ளக்குறிச்சி வட்டார வயல் எலிகள் என்பன கல்வராயன் மலையிலும் அதன் கிழக்கே விரிந்துள்ள சமவெளியிலும் வயல், வரப்பு, ஏரிக்கரை, கரும்புத் தோட்டம், புதர்க்காடு ஆகியவற்றில் வளை தோண்டி வாழும் கொறித்துண்ணிகளாகும். இவற்றுள் எந்த இனம் எங்கு வாழ்கிறது, எப்பொழுது பெருகுகிறது, எப்பொழுது இடம் பெயர்கிறது என்பவற்றை உணவைக் காட்டிலும் நீரே பெரிதும் தீர்மானிக்கிறது எனலாம். வரப்புகளில் ஏற்படும் நீர்க்கசிவு, மழைக்காலத்தில் பரவும் எலிக்காய்ச்சல், எலி பிடித்தலைத் தொழிலாகக் கொண்ட இருளர் மக்களின் வாழ்வு ஆகியவை இத்தொடர்பின் விளைவுகளே. எலியைப் பயிர் தின்னும் பூச்சிகளோடு ஒரு வரிசையில் வைத்துப் பேசும் வழக்கமே மிகுதி. ஆயினும் நீரையும் மண்ணையும் விட்டுவிட்டு எலியை மட்டும் நோக்கினால் இவ்விலங்கின் பாதி வாழ்க்கை விளங்குவதில்லை.

நிலமும் நீர்நிலைகளும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. இதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை அமைந்துள்ளது. வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் அழைக்கப்படுகின்றன. முன்னதன் சராசரி உயரம் ஏறக்குறைய 2700 அடி. பின்னதன் உயரம் ஏறக்குறைய 4000 அடி. மலையில் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். (இப்பெயருக்கும் கேரளத்து மலையாள மொழி பேசுவோருக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்பதே பொருள் என்பர். இவர்கள் பேசுவது தமிழே.)

மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகளாகின்றன. கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணையும் (46 அடி), சூளாங்குறிச்சிக்கு அருகே மணிமுக்தா அணையும் (36 அடி) கட்டப்பட்டுள்ளன. தென்பெண்ணையாறு மாவட்டத்தின் வடகிழக்கில் திருக்கோவிலூரை ஒட்டிச் செல்கிறது. இவற்றுக்கிடையே ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்துள்ளன. நெல், கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம் ஆகியன சமவெளியின் முதன்மைப் பயிர்கள். மலையில் சாமை, கேழ்வரகு, தினை, மரவள்ளி ஆகியன விளைகின்றன. வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களில் நீர் நிரம்புவதும் கோடையில் ஏரிகள் வறள்வதுமான இந்நிலம், எலிகளைப் பொறுத்தவரை ஆண்டுக்கொருமுறை விரிந்து சுருங்கும் ஒரு தீவுக் கூட்டத்தைப் போன்றது.

இனங்கள்

சமவெளியின் ஈரமான வயல்களில் மேலோங்கி நிற்பது கரம்பை எலி. இதன் விலங்கியற் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிசு. 200 முதல் 300 கிராம் வரை எடையுள்ள, கட்டையான முகமும் கரும்பழுப்பு நிறமும் கொண்ட இவ்வெலி நீர் அருகிலுள்ள இடத்தையே விரும்புகிறது. நன்றாக நீந்தவும் வல்லது. வளர்ந்த எலிகள் பெரும்பாலும் வளைக்கு ஒன்றாகத் தனித்து வாழ்கின்றன. இதன் பெரிய உறவினமே பெருச்சாளி. பாண்டிகோட்டா என்னும் அறிவியற் பெயர் பன்றி எலி எனப் பொருள்படும் தெலுங்குச் சொல்லான பந்திகொக்குவிலிருந்து வந்ததாகும். ஆத்திரேலியாவின் பைம்மா விலங்கு ஒன்றுக்கும் ஐரோப்பியர் இதே பெயரைச் சூட்டிவிட்டனர். அதற்கும் எலிக்கும் உறவில்லை.

புல் எலி (மில்லார்டியா மெல்டாடா) மென்மையான மயிருடையது. பாசன வயல்களிலும், கரிசல் மண்ணின் வெடிப்புகளிலும் இது காணப்படுகிறது. வயல் சுண்டெலி (மசு பூடுகா) ஏறத்தாழ 10 கிராம் எடையே உள்ள சிறு விலங்கு. வரப்புகளில் சிறு துளை தோண்டி வாழும்.

வெள்ளெலி (டடேரா இண்டிகா) இவற்றிலிருந்து வேறுபட்டது. மணற்பாங்கான செம்மண் நிலம், மானாவாரிக் காடு, உலர்ந்த மேட்டு நிலம் ஆகியனவே இதன் வாழிடம். நீண்ட பின்னங்காலும் நுனியில் மயிர்க்கற்றையுள்ள வாலும் கொண்ட இவ்வினம் ஈரானிலிருந்து இராசத்தான் பாலைவனம் வழியாக இலங்கை வரை பரவியுள்ளது. இதன் வளைக்குப் பல வாயில்கள் உண்டு. அவற்றுள் ஒன்றிரண்டு மெல்லிய மண் படலத்தால் மூடப்பட்டிருக்கும். பகை நுழைந்தால் அப்படலத்தை முட்டித் திறந்து கொண்டு வெளியே பாயும்.

வீடுகளிலும் கூரைகளிலும் வாழும் வீட்டு எலி (ரேட்டசு ரேட்டசு) வயல் எலியன்று. எனினும் உலகெங்கும் கப்பலேறிப் பரவிய இவ்வினத்தின் தாயகம் இந்தியத் தீவக்குறையே எனக் கருதப்படுவதால் இங்கு குறிப்பிடத்தக்கது. மூஞ்சூறு எலியே அன்று. பூச்சிகளைத் தின்னும் அதனை எலி எனக் கருதி அடித்துக் கொல்வது உழவருக்கு இழப்பே.

எலியின் உடலும் நீரும்

ஆய்வுக்கூட வெள்ளை எலி நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் நீர் அருந்துகிறது. மனிதரோடு ஒப்பிட்டால் இது மிகுதி. சிற்றுடலுக்கு எடையை நோக்கப் புறப்பரப்பு அதிகம். ஆதலால் மூச்சிலும் தோலிலும் நீர் விரைவில் இழக்கப்படுகிறது. எலிகளுக்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. வெப்பம் மிகும்போது உமிழ்நீரை மயிரில் பூசிக் குளிர்வித்துக் கொள்கின்றன. அதற்கும் நீர் வேண்டும்.

இவ்விழப்பை ஈடுசெய்வது சிறுநீரகம். மனிதச் சிறுநீரின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 1200 மில்லி ஆசுமோலைத் தாண்டுவதில்லை. வெள்ளை எலியால் ஏறத்தாழ 3000 வரை செறிவாக்க இயலும். வட அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலியில் இது 5000ஐயும் தாண்டுகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் நீண்டு இறங்கும் என்லே வளைவுகளே இதற்குக் காரணம். மேலும், உண்ட உணவு உடலில் எரியும்போதும் நீர் உண்டாகிறது: 100 கிராம் மாவுச்சத்திலிருந்து ஏறத்தாழ 55 கிராம், கொழுப்பிலிருந்து ஏறத்தாழ 107 கிராம். உலர் தானியத்தை உண்டு வாழும் பாலைநில எலிகளுக்கு இதுவே பெரும் நீர்நிலை.

வெள்ளெலி இவ்வகை வறட்சிக்குப் பழகிய இனம். கரம்பை எலியோ வாயருகே நீரோ ஈரமுள்ள உணவோ இல்லாமல் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. ஆகவே ஒரு கரம்பில் வாய்க்கால் வெட்டிப் பாசனம் தொடங்கினால், சில பருவங்களில் வெள்ளெலி பின்வாங்கிக் கரம்பை எலி அவ்விடத்தைக் கைப்பற்றுகிறது. நீர் நின்றுபோனால் முறை மாறுகிறது. எந்த வளை எந்த எலியுடையது என்பதை அறிந்த ஒருவர், ஏரியின் மதகைப் பார்க்காமலேயே பாசன எல்லையைக் கண்டுகொள்ள இயலும்.

வளையும் நீர்மட்டமும்

கரம்பை எலியின் வளை வாயிலில் புதிதாகத் தோண்டி எறிந்த மண் குவியலாகக் கிடக்கும். உள்ளே எலி இருக்கும்போது வாயில் பெரும்பாலும் மண்ணால் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே கிளை பிரியும் சுரங்கங்களும், புல் பரப்பிய கூடும், தானியம் சேர்க்கும் அறைகளும் உள்ளன. ஒரே வளையிலிருந்து சில கிலோ நெல் எடுக்கப்படுவதுண்டு.

நெல் வயலில் நீர் நிற்கும் காலத்தில் வளை தோண்டத்தக்க உலர்ந்த மண் வரப்பில் மட்டுமே உள்ளது. ஆதலால் நடவுக்குப் பின் எலிகள் அனைத்தும் வரப்புகளில் ஒடுங்குகின்றன. வரப்பு உயரமும் அகலமுமாக இருப்பின் நீர்மட்டத்துக்கு மேலே கூடு அமைக்க இடம் கிடைக்கும். வரப்பு குறுகியதாக இருப்பின் அவ்விடம் இல்லை. வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மிகாமல் வைத்துக்கொள்ளுமாறு வேளாண் துறையினர் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. அகலமான வரப்பில் நடப்பது எளிது, துவரையோ உளுந்தோ ஊன்றலாம் என்னும் வசதிகளை உழவர் இதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது. அது சிறு இழப்பன்று. அதனாலேயே இப்பரிந்துரை பல ஊர்களில் ஏட்டளவில் நிற்கிறது.

பயிர் தூர்கட்டிப் பொதி பிடிக்கும் பருவத்தில் எலிகள் வரப்பிலிருந்து நீந்திச் சென்று வயலின் நடுப்பகுதியில் தாள்களைச் சாய்வாக வெட்டுகின்றன. ஓரத்துப் பயிர் நன்றாக இருப்பதால் வரப்பில் நின்று பார்ப்பவருக்குச் சேதம் தெரிவதில்லை. இப்பருவத்திலிருந்தே இனப்பெருக்கமும் மிகுகிறது. கருக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம்; ஓர் ஈற்றில் சராசரியாக ஏழெட்டுக் குட்டிகள். ஆண்டில் ஒரு போகம் விளைந்த ஊரில் ஒருமுறை பெருகும் எலி, கிணற்று மோட்டாரின் துணையால் இரு போகம் விளையும் ஊரில் இருமுறை பெருகுகிறது.

அறுவடை முடிந்து வயல் காய்ந்த பின் இவை கரும்புத் தோட்டத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் கிணற்று மேட்டுக்கும் நகர்கின்றன. கரும்பு பத்து முதல் பன்னிரண்டு மாதம் நிற்கும் பயிர். அதன் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீரே. கடித்த கணு எலிக்கு உணவும் குடிநீருமாகிறது. மரவள்ளிக் கிழங்கிலும் பாதிக்கு மேல் நீர்தான். கரும்பும் மரவள்ளியும் நெல்லும் அடுத்தடுத்து விளையும் இவ்வட்டாரத்தில் கரம்பை எலிக்குக் கோடை என்னும் பஞ்சகாலம் பெருமளவு நீங்கிவிட்டது எனலாம்.

வரப்புக் கசிவு

எலி தின்னும் நெல்லைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு எலிவளை வழியே வடியும் நீரைப் பற்றிப் பேசப்படுவதில்லை. ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். வரப்பை ஊடுருவும் வளையின் விட்டம் 6 செ.மீ. எனவும், வயலில் நிற்கும் நீர் அதன் வாயிலுக்கு மேல் 5 செ.மீ. எனவும் கொள்வோம். துளை வழியே நீர் பாயும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். துளையோரச் சுருக்கத்தைக் கழித்தால் பாயும் அளவு விநாடிக்கு 1.7 லிட்டர். வளையின் வளைவும் உராய்வும் இதனைப் பாதியாகக் குறைப்பதாக வைத்துக்கொண்டாலும், நீர்மட்டம் தாழாதிருக்குமாயின் பத்து மணி நேர இரவில் ஏறத்தாழ 30 கன மீட்டர் நீர் வெளியேறும். ஓர் ஏக்கரில் இது 7 மி.மீ. உயரம். நெல் வயல் ஒரு நாளில் ஆவியாதலாலும் உறிஞ்சுதலாலும் இழக்கும் நீரும் ஏறத்தாழ இவ்வளவே. அதாவது ஒரே ஒரு வளை, கவனிக்கப்படாவிடின், பயிரின் ஒரு நாள் நீரை ஓர் இரவில் குடித்துவிடுகிறது.

நடவுக்கு முன் வரப்பின் பக்கங்களைச் சீவிப் புல்லை நீக்கி, வளைகளை மிதித்து மூடிச் சேறு பூசும் வேலை (அண்டை கழித்தல்) இந்த இழப்பைத் தடுக்கவே தோன்றிய மரபாகும். இவ்வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் பல வரப்புகள் ஆண்டுக்கணக்கில் சீவப்படாமல் கிடக்கின்றன.

ஏரிக்கரையில் இச்சிக்கல் மேலும் கடுமையானது. நீர் நிறைந்த ஏரியின் கரையில் உள்ள வளை வழியே நீர் பாயத் தொடங்கினால், அது தன்னோடு மண்ணையும் இழுத்துச் சென்று துளையை அகலப்படுத்தும்; அகன்ற துளை மேலும் நீரை ஈர்க்கும். மண் அணைகள் உடைவதற்குரிய காரணங்களுள் இவ்வகை உள் அரிப்பு முதன்மையான ஒன்று. கோடையில் ஏரி வறண்டிருக்கும்போது தோண்டப்படும் வளை, ஐப்பசி கார்த்திகையில் நீர்மட்டம் அதன் வாயிலைத் தொடும் வரை எவர் கண்ணிலும் படுவதில்லை.

வெள்ளம்

வெள்ளம் வளைகளை மூழ்கடிக்கும்போது குஞ்சுகள் கூட்டிலேயே இறக்கின்றன. வளர்ந்த எலிகள் சாலை, மேட்டு வரப்பு, மரம், வீடு எனக் கிடைத்த உயரத்தில் ஏறுகின்றன. பாம்புகளும் அதே இடங்களையே நாடுகின்றன. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பெருமழை பெய்ததும், தென்பெண்ணையாற்றில் பெருவெள்ளம் ஓடியதும் குறிப்பிடத்தக்கன. வெள்ளம் எலிகளை அழித்துவிடும் என்னும் நம்பிக்கை ஓரளவே சரியானது. எஞ்சியவை உணவுப் போட்டியின்றி விரைந்து பெருகுவதால் சில மாதங்களில் எண்ணிக்கை பழைய நிலையை அடைந்துவிடும்.

எலிக்காய்ச்சல்

எலிக்கும் நீருக்கும் உள்ள தொடர்பில் மனித உயிருக்கு நேரடியாக ஊறு செய்வது எலிக்காய்ச்சல் ஆகும். லெப்டோசுபைரா என்னும் சுருள் வடிவ பாக்டீரியா எலியின் சிறுநீரக நுண்குழல்களில் எலிக்குத் தீங்கின்றி வாழ்கிறது. சிறுநீரோடு வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். உலர்ந்தால் விரைவில் மடிந்துவிடும். எனவே கோடையில் எலிகள் எத்தனை இருப்பினும் நோய் குறைவு. மழைக்குப் பின் மிகுதி. கால்நடைகளும் நாய்களும் கூட இதனைப் பரப்புகின்றன.

சேற்றில் நிற்பவரின் கால் வெடிப்பு, கரும்புத் தோகை கீறிய கை, கண், வாய் ஆகியவற்றின் வழியே கிருமி உட்புகுகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் தசைவலி, கண் சிவத்தல் ஆகியன தோன்றும். சிலருக்கு மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் நுரையீரல் இரத்தக் கசிவும் ஏற்பட்டு உயிரிழப்பு நேரலாம். தொடக்கத்திலேயே டாக்சிசைக்கிளின், பெனிசிலின் போன்ற மருந்துகள் கொடுக்கப்பட்டால் பெரும்பாலோர் குணமடைவர். நடவு, கரும்பு வெட்டு ஆகிய வேலைகளில் ஈடுபட்ட ஒருவர் காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்லும்போது தாம் செய்யும் வேலையையும் கூறுவது இன்றியமையாதது. வெறும் காய்ச்சல் என்று கூறினால் டெங்கு, மலேரியா ஆகியவற்றையே முதலில் தேடுவர். (எலி கடிப்பதால் வரும் எலிக்கடிக் காய்ச்சல் வேறொரு நோயாகும்.)

இந்நோயின் கடுமையான வடிவத்தை செருமானிய மருத்துவர் அடால்ஃப் வைல் 1886இல் விவரித்தார். அதன் கிருமியைச் சப்பானிய அறிஞர் இனாடா குழுவினர் 1915இல் கண்டறிந்தனர். கரும்போடு இதற்குள்ள தொடர்பு ஆத்திரேலியாவில் வெளிப்பட்டது. குயின்சுலாந்தின் இங்காம் பகுதியில் 1934இல் கரும்பு வெட்டுவோரிடையே இந்நோய் பரவியது. வெட்டுமுன் தோட்டத்தைக் கொளுத்தி எலிகளை விரட்ட வேண்டுமென்று கோரி 1935இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கேரளத்தில் 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவியபோது, மீட்புப் பணியாளருக்கும் நீரில் நின்றவர்களுக்கும் டாக்சிசைக்கிளின் முன்தடுப்பாக வழங்கப்பட்டது.

எலி பிடித்தலும் இருளரும்

வட தமிழ்நாட்டின் சமவெளியில் எலி பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள் இருளர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் முதலிய மாவட்டங்களில் இவர்கள் வாழ்கின்றனர். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இவர்களது பாம்பு பிடிக்கும் தொழிலை நிறுத்தின. அதன்பின் 1978இல் வடநெம்மேலியில் நஞ்செடுப்பதற்கான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதில் இடம் பெற்றவர் சிலரே. மற்றவருக்கு எலியும் கூலி வேலையுமே எஞ்சின.

புதிய மண்ணின் ஈரத்தைக் கொண்டே உள்ளே எலி இருப்பதை இவர்கள் அறிகின்றனர். பிற வாயில்களை அடைத்துவிட்டு, வைக்கோலும் தழையும் கனலும் இட்ட மண்பானையின் வாயை வளையில் பொருத்தி, பானையின் அடியிலுள்ள சிறு துளை வழியே ஊதிப் புகையை உட்செலுத்துவர். பின் மண்ணை வெட்டி மயங்கிய எலியை எடுப்பர். எலி உணவாகிறது, வளையில் சேர்த்து வைத்த நெல்லும் இவர்களுடையதே. பல ஆண்டுகள் பானையில் ஊதியவருக்குக் கையிலும் வாயிலும் தீப்புண்ணும், நெஞ்சில் புகையால் வரும் நோயும் உண்டாகின்றன. வாயால் ஊதுவதற்கு மாற்றாகக் கையால் சுழற்றும் புகைக்கருவி ஒன்று உருவாக்கப்பட்டு, உலக வங்கியின் வளர்ச்சிச் சந்தை என்னும் போட்டியில் 2003இல் பரிசு பெற்றது. நஞ்சு வைத்துக் கொன்ற எலியை உண்ண இயலாது என்பதால், வயலில் நஞ்சு பரவலாக வைக்கப்படுவது இவர்களது உணவையும் தொழிலையும் ஒருங்கே பறிக்கிறது.

மலையில்

கல்வராயன் மலையில் நிலை வேறு. ஓடைகள் கோடையில் குட்டைகளாகச் சுருங்கிவிடுவதாலும், சரிவில் நீர் தேங்காததாலும் கரம்பை எலிக்கு உகந்த இடம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களே. பாறையிடுக்கிலும் மரப்பொந்திலும் வாழும் வெள்வால் மர எலி தீவக்குறையின் மலைக்காடுகளில் பரவலாகக் காணப்படும் இனமாகும். இது பனி, பழம், தளிர் ஆகியவற்றின் ஈரத்தைச் சார்ந்தது. சாமைக் காடுகள் அறுவடையானதும் எலிகள் வீடுகளிலுள்ள தானியத்தை நாடுகின்றன. மூங்கிலால் பின்னிச் சாணமும் மண்ணும் பூசிய தொம்பை இதற்கான தடுப்பு. மரவள்ளி பரவிய பின் மலைச்சரிவிலும் ஆண்டு முழுதும் ஈரமுள்ள உணவு கிடைக்கிறது.

கட்டுப்பாடு

அகில இந்திய ஒருங்கிணைந்த கொறித்துண்ணிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சித் திட்டம் 1977இல் சோத்பூரிலுள்ள நடுவண் வறள் மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. பாலைவனத்தின் நடுவில் அமைந்த நிறுவனம் ஈர வயல் எலிக்கும் வழிகாட்டியது சற்றே வியப்புக்குரியது.

ஜிங்க் பாஸ்பைடு கலந்த இரை வயிற்று அமிலத்தோடு சேரும்போது பாஸ்பைன் வளி உண்டாகி எலி இறக்கிறது. எலியால் வாந்தி எடுக்க இயலாது என்பது இதற்குத் துணை. ஆனால் சிறிதளவு தின்று பிழைத்த எலி மீண்டும் அவ்விரையைத் தொடாது. அதனால் முதலில் இரண்டு மூன்று நாள் நஞ்சில்லாத இரையே வைக்கப்படும். புரோமாடையலோன் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்களில் கொல்வதால் இவ்வச்சம் எழுவதில்லை. எனினும் இறந்த எலியைத் தின்னும் கூகையையும் அது பாதிக்கும். மழையில் நனைந்த இரை பயனற்றது. உலர்ந்த கிடங்குகளில் உணவிரையைவிட நீர் வைத்த பொறி எலியை எளிதில் ஈர்ப்பதுண்டு. மூங்கில் வில்லால் ஆன தஞ்சாவூர் கிட்டி நஞ்சில்லாப் பொறிகளுள் பெயர் பெற்றது.

எம்முறையாயினும் காலமே முதன்மையானது. கோடையில் வயல் காய்ந்து எலிகள் வாய்க்கால் கரையிலும் கிணற்று மேட்டிலும் ஒடுங்கி, இனப்பெருக்கமும் குறைந்திருக்கும் வாரங்களில், ஓர் ஏரிப் பாசனத்துக்குட்பட்ட உழவர் அனைவரும் ஒரே நேரத்தில் பிடித்தால் பயன் மிகுதி. ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் அடுத்த வயலின் எலிகள் விரைவில் அவ்வளைகளில் குடியேறுகின்றன. பெரும்பாலான ஊர்களில் எலி பிடிப்பது தாள் வெட்டுப்பட்ட பிறகே தொடங்குகிறது. அப்போது வயலில் நீர் நிற்கிறது. வளைகளில் குட்டிகளும் பிறந்துவிட்டிருக்கின்றன.